ஏன் இப்படி ஆனாள்?

அரபு நாடுகளில் பெண்ணை விரும்பும் பெண்ணைப் பற்றியெல்லாம் எழுதுவார்களா, படம் எடுப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதியிருக்கிறார்கள், எடுத்தும் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு அல்ல. ஆனால் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அப்படி ஒரு பெண் வந்துவிட்டாலே போதும், 'இவள் ஏன் இப்படி ஆனாள்?' என்று கதை காரணம் தேட ஆரம்பித்துவிடுகிறது.

லெபனான் எழுத்தாளர் ஹனான் அல்-ஷேக்கின் 'மிஸ்க் அல்-கஸால்' நாவல் 1988ல் வந்தது. ஆங்கிலத்தில் 'விமன் ஆஃப் சாண்ட் அண்ட் மிர்' என்ற பெயரில் கிடைக்கிறது. பெயர் சொல்லப்படாத ஒரு பாலைவன நாட்டில் நான்கு பெண்கள். கணவனோடு அங்கே வந்து, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் சுஹாவுக்கும், பணக்காரியான நூருக்கும் உறவு உண்டாகிறது. சுஹாவுக்கு அது குற்ற உணர்ச்சியைத்தான் தருகிறது. கடைசியில் நாட்டை விட்டே போகிறாள். அடைத்துவைத்தால் இப்படித்தான் ஆகும் என்பதாக நாவலை வாசித்துவிட இடம் இருக்கிறது. பெண்களைப் பூட்டிவைக்கும் சமூகத்தின் மீதான விமர்சனம் அது, சந்தேகமில்லை. ஆனால் அந்த விமர்சனத்துக்கு நடுவே இருவரின் ஆசை வெறும் நோய்க்குறி போல ஆகிவிடுகிறது.

சிரியாவின் சமர் யஸ்பெக் எழுதிய 'ராயிஹத் அல்-கிர்ஃபா' (2008) வேறு கோணம். டமாஸ்கஸில் ஒரு பணக்கார எஜமானி, சேரியிலிருந்து வந்த வேலைக்காரப் பெண். இருவருக்கும் இடையில் இருப்பது காதலா, அதிகாரமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல நாவல்தான். ஆனாலும் அதே கேள்விக்கு இங்கே கிடைக்கும் பதில் வறுமை, தனிமை, பொருந்தாத கல்யாணம்.

சவூதியில் கதீஃப் பகுதியைக் களமாகக் கொண்ட 'அல்-ஆகரூன்' (மற்றவர்கள்) 2006ல் பெய்ரூட்டில் வெளியானது. கதை சொல்பவள் ஷியா சிறுபான்மையைச் சேர்ந்த கல்லூரி மாணவி. மதத்தால் ஒரு 'மற்றவள்', ஆசையால் இன்னொரு முறை 'மற்றவள்'. எழுதியவர் பெயர் சபா அல்-ஹிர்ஸ். அது புனைபெயர். சொந்தப் பெயரை அட்டையில் போட முடியாத நிலைமையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இந்த வரிசையில் நதீன் லபக்கியின் 'கேரமல்' (2007) தனியாகத் தெரிகிறது. பெய்ரூட்டில் ஒரு பியூட்டி பார்லர். அங்கே வேலை செய்யும் ரீமா, நீண்ட கருங்கூந்தல் கொண்ட ஒரு வாடிக்கையாளரின் தலையைக் கழுவிவிடுகிறாள். தண்ணீர், விரல்கள், இருவர் முகத்திலும் சிரிப்பு. அவ்வளவுதான். கொடுமைக்காரக் கணவன் கிடையாது, பூட்டிய வீடு கிடையாது, காரணமே கிடையாது. கூட வேலை பார்க்கும் பெண்களும் அவளிடம் விளக்கம் கேட்பதில்லை. தணிக்கைக்குப் பயந்து மழுப்பிவிட்டார்கள் என்று இதைக் குறை சொல்வதுண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தால் வந்த மௌனம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த மௌனம் ரீமாவுக்கு ஒரு நன்மை செய்திருக்கிறது. அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மௌனம் உடைந்தால் என்ன ஆகும் என்பதை மைசலூன் ஹமூதின் 'பர் பஹர்' (2016) காட்டுகிறது. டெல் அவிவில் ஒரே வீட்டில் தங்கியிருக்கும் மூன்று பாலஸ்தீனப் பெண்களில் ஒருத்தி டி.ஜே. சல்மா. பெற்றோர் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் காதலிப்பது ஒரு பெண்ணை என்பது தெரிந்துவிடுகிறது. அவள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். 'இது இஸ்லாத்தின் பிரச்சினை' என்று சுலபமாக முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சொல்லும் ஒரு பிரச்சினைதான். அரபியில் பழைய சொல் 'சுஹாக்'. அதில் வசையின் வாடை உண்டு. இன்று பலர் விரும்புவது 'மித்லிய்யா'. 'ஒத்தது, அதே மாதிரியானது' என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. 'ஓரினச் சேர்க்கை'யை விட்டுத் 'தன்பாலீர்ப்பு'க்கு நகரும் தமிழுக்கு இந்தச் சிக்கல் புரியும்.

கடைசியாக ஒரு புத்தகம். லெபனானில் 'மீம்' என்ற அமைப்பு 2009ல் 'பரீத் முஸ்தஅஜில்' என்ற தொகுப்பை வெளியிட்டது. 'அவசரத் தபால்' என்று பொருள். 41 உண்மைக் கதைகள், எழுதியவர் பெயர் எதிலும் இல்லை. நாவலாசிரியரோ இயக்குநரோ நடுவில் இல்லாமல், சம்பந்தப்பட்டவர்களே தங்கள் வீடு, மதம், காதல், பயம் பற்றிப் பேசுகிறார்கள். 'ஏன் இப்படி ஆனாய்?' என்று பிறர் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள், 'எப்படி வாழ்கிறோம்' என்று சொல்லத் தொடங்கியது இங்கேதான் நன்றாகக் கேட்கிறது. படங்களைப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துப் படித்தால் நல்லது.