தெர்மாகோல் பிடிச்ச கை

நமக்கு போட்டோ எடுக்கறது தொழில் இல்லீங்க. பொழப்பு திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்கு எழுதறது. ஞாயித்துக்கிழமை ஆனா சொந்த ஊர் தாராபுரம் வந்து, அமராவதி ஆத்துப் பாலத்துல நின்னு கொக்கு, மேகம், துணி துவைக்கிறவங்கன்னு கண்டதையும் சுட்டுத் தள்ளுற ஆசாமி. (எல்லாக் கொக்கும் பாதி பறந்த பிறகுதான் விழும். அது வேற கதை.)

2012-ல ஒரு நண்பர் மூலமா ஒரு வாய்ப்பு வந்தது. கோயமுத்தூர்ல இருந்து வந்துகிட்டிருந்த ஒரு நகரப் பத்திரிகை. பேரு வேண்டாம், இப்ப அது வர்றதும் இல்லை. சின்ன ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளைப் பத்தி தொடர் போடறாங்களாம். தாராபுரத்துல ஆறு கடை. ஒவ்வொரு கடையிலயும் சமைக்கிறவர் படம் வேணும். நம்ம பேரு அச்சுல வரப்போகுதுன்னு ரெண்டு நாள் தூக்கமே வரலை.

கொக்கு எடுத்த கைக்கு அடுப்படி புதுசு. முதல் கடையிலயே பாடம் கிடைச்சது. வெளிய இருந்து நேரா உள்ள போனதும் ஆவி அடிச்சு லென்ஸ் மூடிக்கிச்சு. துடைக்கத் துடைக்க மறுபடி மூடுது. பத்து நிமிஷம் சும்மா உக்காந்து, கேமராவும் அந்தச் சூட்டுக்குப் பழகினாத்தான் ஆகும். அடுத்தது டியூப்லைட். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கறதால அந்தப் பழைய பட்டி லைட்டு செகண்டுக்கு நூறு தடவை விட்டு விட்டு எரியும். ஷட்டரை வேகமா வெச்சா ஒரு படம் மஞ்சள், ஒரு படம் பச்சை, ஒண்ணுல பாதி இருட்டு. 1/50-ல வெச்சாத்தான் ஒழுங்கா வரும். அந்த வேகத்துக்கு ஆளு ஆடாம நிக்கணும். பரோட்டா வீசறவர் எங்க நிப்பாரு?

நாலாவது கடை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ். குடல் குழம்புக்குன்னே மூலனூர்ல இருந்தெல்லாம் ஆள் வரும். சமைக்கிறது மாஸ்டர். அம்பது வயசு இருக்கும், லுங்கி, தோள்ல துண்டு, முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறிச்ச தழும்பு. நான் அவரைப் பாத்துக் கேமராவைத் தூக்கினதும் முதலாளி குறுக்க வந்துட்டார்.

"தம்பி, அவன் எதுக்குங்? கடை என்னுதுங். நானே நிக்கறேன்."

சொல்லிட்டு வீட்டுக்குப் போய், வெள்ளை வேட்டி, கல்யாணத்துக்குப் போடற சட்டை, நெத்தியில திருநீறோட வந்தார். 1950-51-ல இர்விங் பென் பாரிஸ், லண்டன், நியூயார்க்ல தொழிலாளிகளை அவங்கவங்க வேலை உடுப்புலயே படம் எடுத்தப்ப, நியூயார்க்காரங்க சில பேரு நல்ல கோட்டு மாட்டிட்டு வந்து நின்னாங்களாம். இது உலகம் பூரா உள்ள ஆசைதான்.

நான் என்ன பண்ணியிருக்கணும்? "இல்லீங்கண்ணா, சமைக்கிறவர்தான் வேணும்"னு சொல்லியிருக்கணும். சொல்லலை. படம் கிடைக்காமப் போயிருமோன்னு பயம். முதலாளி கையில கரண்டியைக் குடுத்து அண்டா பக்கத்துல நிக்க வெச்சேன். முகம் ஒரு பக்கம் இருட்டா இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை கொண்டு போயிருந்தேன். அதை யாரு பிடிக்கறது?

"குடுங் தம்பி, நான் பிடிக்கறேன்"னு மாஸ்டர் வாங்கிக்கிட்டார்.

அருமையா வந்தது படம். அச்சுல முக்கால் பக்கம். கீழ ஒரு வரி: முதலாளியின் கைப்பக்குவம். என் பேரும் இருந்தது.

பத்திரிகையை எடுத்துட்டு மெஸ்ஸுக்குப் போனேன். முதலாளி அன்னிக்குக் காசு வாங்கலை. மாஸ்டர் கையைத் துண்டுல துடைச்சுட்டு வாங்கி ரொம்ப நேரம் பாத்தார். "வெளிச்சம் நல்லா விழுந்திருக்குதுங்"னார். அவ்வளவுதான். குத்திக் காட்டறாரா, நிஜமாவே சொல்றாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அன்னிக்குக் குழம்பு தொண்டையில இறங்கலை.

வீட்டுக்கு வந்து ஒரிஜினல் படத்தைத் திறந்து பாத்தேன். பத்திரிகையில ஓரத்தை வெட்டியிருந்தாங்க. என்கிட்ட இருந்ததுல இடது ஓரத்துல தெர்மாகோலும், அதைப் பிடிச்ச நாலு விரலும் இருந்தது. எடுக்கும்போது நானும் கவனிக்கலை.

ஜெர்மனியில ஆகஸ்ட் சாண்டர் 1928-ல எடுத்த சமையல்காரர் படம் ஒண்ணு ரொம்பப் பிரபலம். கேக், இனிப்பு செய்யறவர். குண்டு உடம்பு, வெள்ளைக் கோட்டு, கையில பாத்திரம், கேமராவை நேரா முறைக்கிற பார்வை. தலைப்புல தொழில் மட்டும்தான், பேரு கிடையாது. அதைப் பாத்தப்பதான் உறைச்சது. நானும் "மாஸ்டர், மாஸ்டர்"னே கூப்பிட்டிருக்கேன், பேரு என்னன்னு ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

அடுத்த மாசம் போனா ஆள் இல்லை. திருப்பூர்ல ஏதோ மெஸ்ஸுக்குப் போயிட்டாராம். பனியன் கம்பெனி ஆளுங்க சாப்பிடற மெஸ் அங்க எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும். தினமும் மத்தியானம் ஒரு கடைன்னு மாத்தி மாத்திச் சாப்பிட்டேன். ஏழு மாசம் கழிச்சு ஒரு குடல் குழம்பு காட்டிக் குடுத்துருச்சு. நேரா உள்ள போயிட்டேன்.

முதல்ல பேரைக் கேட்டேன். சிரிச்சுட்டுச் சொன்னார். (இங்க எழுத வேண்டாம்னுட்டார், அதனால எழுதலை.) அப்புறம் படம் எடுக்கட்டுமான்னு கேட்டேன். சட்டை மாத்தலை. துண்டை மட்டும் உதறித் தோள்ல போட்டுக்கிட்டு அண்டா பக்கத்துல விறைப்பா நின்னார். இந்தத் தடவை தெர்மாகோலைப் பாத்திரம் கழுவற பையன் பிடிச்சான். ஓரத்துல அவன் விரல் தெரிஞ்சது. ரெண்டடி பின்னால போய் அவனையும் சேத்தே எடுத்தேன்.

பிரிண்ட் ரெண்டு போட்டேன். ஆளுக்கு ஒண்ணு.