ஒரு பை உப்பும் ஒரு லாரி தண்ணியும்

சிம்லாவுக்கு மாற்றல்னு ஆர்டர் வந்தப்ப சொந்தக்காரங்க எல்லாம் "குடுத்து வெச்சவங்கப்பா"ன்னாங்க. ஸ்னோ விழுந்த மறுநாள் காலைல இங்க வந்து வாசப்படி இறங்கிப் பாக்கணும் அவங்க. ராத்திரி உறைஞ்சு கண்ணாடி மாதிரி கிடக்கும். வழுக்கினா நேரா கீழ்வீட்டு மொட்டைமாடிதான் :-)

எங்க ஹவுஸ் ஓனரோட வைத்தியம் உப்பு. ஒவ்வொரு ஸ்னோவுக்கும் அஞ்சு கிலோ வாரி இறைப்பார். உப்பு சேர்ந்தா தண்ணி பூஜ்யம் டிகிரில உறையாது, ஐஸ் இளகிடும். சரி, இளகின தண்ணி எங்க போகுது? வீட்டுக்குக் கீழ ஒரு ஊற்று இருக்கு. 2018 மே, ஜூன்ல சிம்லாவே குடிதண்ணிக்குத் திண்டாடினப்ப தெருவே அங்கதான் குடம் வெச்சுதாம். இன்னிக்கும் நாலஞ்சு கூலிவேலைக் குடும்பங்களுக்கு அதுதான் குடிதண்ணி.

பி.காம். படிச்ச கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். உப்புல சுமார் 60 சதவீதம் குளோரைடு. அஞ்சு கிலோல 3 கிலோ. குடிதண்ணில லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வரைக்கும் ஏற்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அப்படின்னா ஒரு பை உப்பு 12,000 லிட்டர் சுத்தத் தண்ணியை அந்த எல்லைக்குக் கொண்டு போயிடும். மெட்ராஸ் கணக்குல ஒரு தண்ணி லாரி! கொதிக்க வெச்சாலும் போகாது, துணில வடிகட்டினாலும் போகாது. மண்ணும் பிடிச்சு வெக்காது. வாராக்கடன் மாதிரி, ஆனா தள்ளுபடி பண்ணவும் முடியாது.

ஓனர்கிட்ட சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "மேனேஜர் சாப், போன வருஷம் எங்கம்மா இந்தப் படியிலதான் விழுந்தாங்க. இடுப்பெலும்பு போச்சு. அம்மாவைப் பாக்கறதா, தண்ணியைப் பாக்கறதா?"ன்னார்.

இதுக்குப் பதில் என் கணக்குல இல்லை. அதனால காலை ஆறரைக்கு மண்வாரி என் கைக்கு வந்துது. இப்ப எங்க வீட்டு நடைமுறை இதுதான்:

1. கால் பட்டு இறுகறதுக்கு முன்னாடியே ஸ்னோவை வாரித் தள்ளிடணும். முக்கால்வாசி வேலை இதுலயே முடிஞ்சுடும்.

2. படிக்கு மணல். ஐஸை உருக்காது, ஆனா கால் வழுக்காது. வெயில் வந்ததும் பெருக்கி எடுத்தா அடுத்த தடவைக்கு ஆச்சு.

3. வெயிலே படாத கடைசி மூணு படிக்கு மட்டும் உப்பு. கல்லுக்குக் கல் மூணு இன்ச் இடைவெளி போதும். மைனஸ் பத்துக்குக் கீழ போனா உப்பு சரியா வேலை செய்யாது, போடறதே தண்டம்.

4. வெந்நீர் ஊத்தக்கூடாது, திரும்ப உறைஞ்சுடும். யூரியாவும் வேண்டாம். அது உரம், ஓடற தண்ணில பாசியைத்தான் வளர்க்கும்.

இந்தக் குளிர்காலத்துல மூணு தடவை நல்ல ஸ்னோ. ஒரு பை உப்புல பாதி இன்னும் மிச்சம் இருக்கு. பாட்டி வாக்கரோட தினமும் வெயில் காய இறங்கி வர்றாங்க.

மணாலி, ஸ்ரீநகர், லே பக்கம் போஸ்டிங்ல இருக்கற நம்ம ஆளுங்க, உப்புப் பையைப் பிரிக்கறதுக்கு முன்னாடி உங்க வாசல் தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு ஒரு தடவை இறங்கிப் பாத்துட்டு வந்துடுங்க.

பி.கு: மணலை நவம்பர்லயே காயவெச்சு மூடி வெச்சுடுங்க. ஈர மணல் உறைஞ்சு பாறையாயிடும்!