விரல் கணுவில் நூறு

சுபுஹு தொழுததும் திக்ர் செய்யணும்னு அத்தா சின்ன வயசிலேயே பழக்கிவிட்டார். இறைவனை நினைச்சுக்கிட்டு இருக்கறதுக்குத்தான் அந்தப் பேர். சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. மொத்தம் நூறு. வீட்டில் தஸ்பீஹ் மணி இருக்கு. ஆனா வயலுக்குக் கிளம்பற அவசரத்தில் பாதி நாள் வரப்பில் நடந்துக்கிட்டே விரல் கணுவில்தான் எண்றேன்.

மனசு உடனே அடங்கிடும்னு நினைச்சிடாதீங்க. இருபது வர்றதுக்குள்ள யூரியா மூட்டை வந்து நிக்கும். எண்ணிக்கை விட்டுப்போகும். திரும்ப ஒண்ணுலேர்ந்து.

குர்ஆனில் 13ஆம் அத்தியாயத்தில் திக்ரையும் மன அமைதியையும் சேர்த்துச் சொல்லியிருக்குன்னு ஹஜ்ரத் பயானில் கேட்டிருக்கேன். கேட்டதோட சரி. விளங்கினது 2012ல். அந்த வருஷம் குறுவைக்குத் தண்ணி வரல. எங்க சம்பாவும் கதிர் வர்ற நேரத்தில் காய்ஞ்சுது. வீட்டு நகை அடகில். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்து, விரல் விட்டுக் கடனைக் கூட்டிக்கிட்டே இருப்பேன். ஒருநாள் அதே விரலில் திக்ரை எண்ண ஆரம்பிச்சேன். கடன் ஒரு ரூபா குறையல. ஆனா கூட்டின கணக்கையே மறுபடி மறுபடி கூட்டறது நின்னுச்சு. விடியறதுக்குள்ள கொஞ்சம் தூங்கினேன்.

பக்கத்து வயல்காரர் கிண்டல் பண்ணுவார். "பாய், நம்ம ஊரு தியாகையர் 96 கோடி தடவை ராம நாமம் சொன்னார்ங்கறாங்க. நீங்க நூறுக்கே தடுமாறுறீங்களே?"

"அவருக்கு மேட்டூர் எப்பத் திறப்பாங்கங்கற கவலை இல்லையே"ன்னேன்.

சிரிச்சுக்கிட்டே மடையைத் திறக்கப் போனார். எனக்கு விட்ட இடம் மறந்துபோச்சு. மறுபடி ஒண்ணு.