சிலிண்டருக்குள் தண்ணீர்

தரம் 9க்கு ஒடுங்கல் பாடம். ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் வியர்ப்பதைக் காட்டினோம். "சேர், வாப்பாட காத்துச் சிலிண்டருக்குள்ளயும் தண்ணி நிக்குதாம்" என்றான் ஒரு பிள்ளை. வாப்பா கடலட்டைக்குச் சுழியோடுபவர்.

பின்னேரம் காற்று நிரப்பும் கொட்டிலுக்குப் போனோம். 12 லீற்றர் சிலிண்டருக்குள் 200 பாரில் சுமார் 2,400 லீற்றர் காற்றை அடைக்கிறார்கள். அமுங்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகும். அதை அடிக்கடி வடிக்க வேண்டும். மிச்சத்தைப் பில்டர் மணிகள் உறிஞ்ச வேண்டும். மணி மாற்றி நாளாச்சாம். "விலை கூடிட்டு சேர்."

ஈரம் உள்ளே போனால் இரும்புச் சிலிண்டர் துருப்பிடிக்கும். பருவம் முடிந்து மாதக்கணக்கில் நிரப்பி வைத்தால், அந்தத் துரு உள்ளிருக்கும் ஒட்சிசனையே தின்றுவிடும். வெளியில் பெயின்ட் பளபளக்கும்.

சகோதரர்களே, பழைய காற்றோடு இறங்காதீர்கள். வருடத்துக்கொரு தரம் தெரிந்தவரைக் கொண்டு உள்ளே பாருங்கள். மணி வாங்க நாங்களும் பங்கு தருகிறோம். யார் யார் சேருகிறீர்கள்?