காருக்கு ஒரு மிதியடி

வாசல் மிதியடிக்குப் பிரெஞ்சில் ‘பையஸோன்’ என்று பெயர். வைக்கோலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது அந்தச் சொல்லை எழுதிப் பழகினேன். ஆனால் எங்கள் வாசலில் கிடந்தது தேங்காய் நார் மிதியடிதான்.

நாருக்குப் பேர் போன ஊர் ஆலப்புழை. 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் அங்கே கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கினார். உத்தமபாளையத்துக்காரர்களுக்கு அது தூரதேசமில்லை, குமுளி ஏறி இறங்கினால் வந்துவிடும். அதனால்தான் காரில் மேட் கிழிந்ததும் என் மனைவி, “நார்லயே ஒண்ணு வெட்டிப் போட்டுக்கலாமேங்க” என்றாள். இவள் ஊர் இது. ஓய்வுக்குப் பிறகு நான் இங்கே குடிவந்தவன், எதிர்த்துப் பேச யோசிப்பேன். இதில் மட்டும் மறுத்தேன். நார் ஈரத்தை விடாது, தும்பும் கொட்டும். இங்கே ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு.

கிழிந்திருந்தது ஓட்டுபவர் பக்கம், வலது குதிகால் ஊன்றும் இடம். செருப்பு அதில் மாட்ட ஆரம்பித்தது. சென்னையிலிருக்கும் மகன் போனில் சொன்னான்: “எழுபத்தி நாலு வயசுல வண்டி எதுக்குப்பா? வித்துருங்க.” விற்றால் குமுளியில் படுக்கையில் இருக்கும் அவன் பெரியம்மாவை இவள் எப்படிப் போய்ப் பார்ப்பாள்? மூட்டு வலியோடு பஸ் படி ஏற முடியாது. மேட் மாற்றினால் தீரும் விஷயத்துக்கு வண்டியை ஏன் விற்க வேண்டும்?

அவனே சமாதானமாகி, தோல் மாதிரி மெத்தென்று ஒரு மேட் அனுப்பினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு ஆக்சிலரேட்டரைக் கையால் தரைவரை அழுத்திப் பார்த்தேன். விளிம்பு பெடலைத் தொட்டது. உடனே எடுத்துவிட்டேன்.

இது கிழவனின் பயம் என்று நினைக்காதீர்கள். 2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவில் சான் டியாகோ பக்கம், இரவலாகத் தரப்பட்ட ஒரு லெக்சஸ் காரில் வேறு மாடலுக்குரிய பெரிய ரப்பர் மேட் கிடந்தது. ஆக்சிலரேட்டர் அதில் சிக்கிக்கொண்டது. ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி, வண்டி ஓட்டத் தெரியாதவர் அல்ல. அவர், மனைவி, மகள், மைத்துனர் நால்வரும் இறந்தார்கள். அடுத்த மாதம் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வண்டிகளில் ஓட்டுநர் பக்க மேட்டை எடுத்துவிடச் சொன்னது.

அப்படிச் சிக்கினால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். ஓடும்போது சாவியைப் பிடுங்கக் கூடாது, ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். லோயர் கேம்ப் தாண்டி மலையில் ஏறுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைக்காரர் முதலில் நூடுல்ஸ் மேட்டைக் காட்டினார். “சேறெல்லாம் உள்ள போயிரும் சார், மேல தெரியாது.” தெரியாததுதானே வம்பு! ராயப்பன்பட்டி திராட்சைத் தோட்டத்துக்குப் போய்வந்த கால் சேறு அதற்குள் காய்ந்தால் உதறி மாளாது. கடைசியில் என் வண்டி மாடலுக்கே வார்த்த மெல்லிய ரப்பர் மேட் எடுத்தேன். தரையிலுள்ள கொக்கியில் அதன் துளை சரியாக உட்கார்ந்தது. அடியில் பழைய மேட் எதுவும் போடவில்லை. ஒன்றின் மேல் ஒன்று போட்டால் நழுவும்.

மறுநாள் பார்த்தால் சேறு படக்கூடாதென்று என் பக்கம் ஒரு சாக்கை மடித்து விரித்திருந்தாள். எடுத்து அவள் பக்கம் போட்டேன். “அப்ப என் கால் வழுக்கினா பரவாயில்லையா?” என்றாள். உன் பக்கம் பெடல் இல்லை என்றேன். குமுளி போய்ச் சேரும்வரை அவள் பேசவில்லை. மகன் அனுப்பிய மேட் இப்போது துணி துவைக்கும் கல்லருகே கிடக்கிறது. அவள் முட்டிக்கு மெத்தென்று இருக்கிறதாம்.