கண்ணில் படாத செலவு

வெளியே தெரியும் பொருளுக்குச் செலவழிக்க மனம் உடனே இணங்குகிறது. மூடிக்கிடக்கும் உறுப்புக்கு அதே பணத்தை எடுக்கக் கை தயங்குகிறது. எனக்குள்ளும் இருந்த இந்தத் தயக்கத்தை, என் பழைய ஹைலக்ஸ் டபுள் கெப் வண்டிதான் எனக்குக் காட்டித் தந்தது.

தம்பலகாமத்தில் எங்கள் சீவியம் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பிய வயலோடுதான். ஒக்ரோபரில் மாரிமழை தொடங்கினால் வாய்க்கால் ஓரத்து மண்பாதை குழைந்துவிடும். பெரும்போகத்துக்கு விதைநெல்லும் பசளையும் உள்ளே போக வேண்டும். அறுவடைக்குப் பின் நெல்மூட்டை வெளியே வர வேண்டும். அச்சு சேற்றில் தட்டி வண்டி நின்றுவிடக் கூடாதென்று, 225/75 அளவு 15 அங்குல டயர்களைக் கழற்றி 31 அங்குல டயர்கள் பூட்டினேன். டயரின் விட்டம் 28.3 அங்குலத்திலிருந்து 31 ஆனதால் அச்சு ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் உயர்ந்தது. சேற்றில் அந்த உயரம் பெரிய உதவி.

தார் வீதியில் கதை வேறு. சுமையோடு கந்தளாய்ப் பக்கம் போனால் ஐந்தாம் கியரில் வண்டி இழுக்கவில்லை. புறப்படும்போது கிளச் வழுக்கிச் சூட்டு மணம் எழும்பியது. காரணம் வெறும் கணக்கு. முன்பு ஒரு சுற்றுக்கு 2.26 மீற்றர் உருண்ட சக்கரம் இப்போது 2.47 மீற்றர் உருள்கிறது. எல்லாக் கியரும் ஏறத்தாழ 9.5 வீதம் நீண்டுவிட்டன. சைக்கிளின் பின்பல்லைச் சிறிதாக்கிவிட்டு மூட்டையோடு மிதிப்பவருடைய நிலைதான், டர்போ இல்லாத என் டீசல் எஞ்சினுக்கும். வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66க்குக் கிட்ட ஓடிக்கொண்டிருந்தது.

மருந்து அச்சுக்குள் இருந்தது. என் வண்டியில் அச்சின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலுக்கு 41 பல், அதைச் சுழற்றும் சிறிய பினியனுக்கு 10; விகிதம் 4.10. அதை 41க்கு 9 ஆக்கினால் 4.56. டயர் பறித்த இழுவை திரும்பிவிடும். ஆனால் அச்சைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது. ஓடுகிற வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போகத்துக்கு நடுவே நிற்க நேருமோ என்ற பயம். பின்னச்சை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். மெக்கானிக் அண்ணன் தலையசைத்தார்: “தம்பி, ஒண்டை மட்டும் மாத்துறதெண்டா நான் கை வைக்க மாட்டன்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான்கு சக்கர இழுவையைப் போட்டால் இந்த வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்படும். இரண்டிலும் விகிதம் வேறானால் ஒன்றையொன்று முறுக்கி, எது மெலிந்ததோ அது உடையும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, பழைய வண்டிகளைச் சாகவிடாமல் ஓட்டவேண்டியிருந்த காலம் அது. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடி, இரண்டு அச்சுக்கும் இரண்டு சோடி பல்சக்கரம் எடுத்தோம். கிரவுன் வீலையும் பினியனையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியே செய்கிறார்கள். சோடி பிரிந்தால் இரண்டும் வீண்.

பிறகு நான் பார்த்த வேலை என் பயத்தை மரியாதையாக மாற்றியது. பினியன் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்பதை மெல்லிய தகடுகள் தீர்மானிக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் அசைவு 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர். பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்ப்பார். சாயத்தில் விழும் தடம் அடியிலோ நுனியிலோ ஒதுங்கியிருந்தால் மறுபடி கழற்றித் தகடு மாற்றுவார். தடம் பல்லின் நடுவில் விழும்வரை அவர் ஓயவில்லை. அவசரப்பட்டிருந்தால் சில மாதங்களில் ஊளையிட்டுத் தேய்ந்திருக்கும். புதிதாகப் பொருந்திய பற்கள் முதலில் கடுமையாகச் சூடாகும் என்பதால், சில நூறு கிலோமீற்றர் பாரமில்லாமல் ஓட்டி, எண்ணெயையும் மாற்றினோம்.

இப்போது மூட்டையோடும் ஐந்தாம் கியர் இழுக்கிறது. வேகமானியும் உண்மைக்குக் கிட்ட வந்துவிட்டது. ஆனால் பிரேக்குக்குக் கியர் உதவாது. பெரிய சக்கரத்தை நிறுத்தக் கூடுதல் பலம் வேண்டும். ஆகவே வேகத்தைக் குறைத்து, முன்வண்டிக்கு அதிக இடைவெளி விடுகிறேன்.

பெரிய டயர் போட நினைக்கும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு அச்சுக்கான பல்லுக்கும் கூலிக்கும் காசை ஒதுக்கிவிட்டு, பிறகு டயர்க் கடைக்குப் போங்கள். அவ்வளவு கையில் இல்லையென்றால் ஓரளவு மட்டும் பெரிய டயரோடு நில்லுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. மழை இரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் இதே வண்டிதான். ஏறுகிறவர் டயரைப் பார்த்து நம்பி ஏறுகிறார். அந்த நம்பிக்கைக்கு அச்சுக்குள் இருக்கும் பல்லும் ஈடுகொடுக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது வண்டிக்காரனின் கடமை.