சிங்கப்பூரில் உங்கள் கைப்பணம்

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு டாலர் என்றால் வெள்ளி. சென்ட் என்றால் காசு. சிராங்கூன் சாலைப் பூக்கடையில் "மூணு வெள்ளிம்மா" என்று கேட்கும்போது, நம் பாட்டி காலத்துச் சந்தையில் நிற்பதுபோல் இருக்கிறது. நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால் 'சிங்கப்பூர்' என்று தமிழிலேயே பொறித்திருக்கிறார்கள்! பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளியை எந்த வழியாக நம் கைக்குக் கொண்டுவருகிறோம் என்பதில் இருக்கிறது சாமர்த்தியம்.

1973-ல் வந்த ஃபெரா சட்டத்தின் காலத்தில் வெளிநாடு போகிறவர்களுக்கு டாலரை எண்ணி எண்ணித்தான் கொடுப்பார்கள். 2000 ஜூனில் ஃபெமா சட்டம் வந்த பிறகு காலம் மாறிவிட்டது. இன்று ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம். (யாரிடம் இருக்கிறது அவ்வளவு!) இந்த அளவு குடும்பத்துக்கு அல்ல, தலைக்கு. உங்களுக்கு ஒரு பான் கார்டு இருந்தால் உங்களுக்கென்று தனிக் கணக்கு. நோட்டாக எடுத்துப்போக மட்டும் சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புதான் எல்லை.

சரி, எந்தக் கார்டு? வீட்டில் வைத்திருக்கும் சாதாரண ஏ.டி.எம். கார்டையோ கிரெடிட் கார்டையோ அங்கே தேய்த்தால், பல வங்கிகள் மூன்றரை சதவீதம் வரை கூடுதல் கட்டணம் போடுகின்றன. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. லட்ச ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் 3,500-உம் 630-உம் சேர்த்து 4,130 ரூபாய் போய்விடும். ஒரு நல்ல நூல் புடவையின் விலை! இந்தக் கட்டணமே இல்லாத கார்டுகளும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

ஃபாரெக்ஸ் கார்டு என்பது வேறு. இங்கேயே ரூபாய் கட்டி அதில் சிங்கப்பூர் வெள்ளியாக ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிய அன்றைய விலைதான். பிறகு ரூபாய் இறங்கினாலும் கவலையில்லை. லட்ச ரூபாய்க்கு மாற்றினால் ஜி.எஸ்.டி. 180 ரூபாய்தான். ஆனால் வெள்ளிக்கு அவர்கள் சொல்லும் விலையிலேயே லாபம் ஒளிந்திருக்கும். அதனால் இரண்டு மூன்று இடங்களில், "கட்டணம், வரி எல்லாம் சேர்த்து ஆயிரம் வெள்ளிக்கு மொத்தம் எவ்வளவு ரூபாய் கட்டணும்?" என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற நாம் இதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்?

தேக்கா மார்க்கெட்டில் கீரை வாங்கும்போது திருச்சிப் பெண்மணி ஒருவர் பழக்கமானார். மகள் பிரசவத்துக்காக வந்திருந்தார். "கார்டு என் கையிலதான் இருந்துச்சு. ஆனா அது அவர் பேர்ல வாங்கினது. ராத்திரி ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்ட்டர்ல பின் நம்பர் மூணு தடவை தப்பாப் போச்சு, கார்டு பூட்டிக்கிச்சு. போன் பண்ணினா, 'கார்டுக்காரரைப் பேசச் சொல்லுங்க'ங்கறாங்க. அவரு இங்க எங்க இருக்காரு? அங்க பஸ்ல வந்துக்கிட்டிருக்காரு, போனை எடுக்கலை. கடைசியில மாப்பிள்ளை வார்டுலேர்ந்து ஓடி வந்து கட்டினாரு. எனக்கு உசிரே போச்சுங்க" என்றார். பணம் இருந்தது, கார்டும் இருந்தது. பெயர்தான் அவருடையது இல்லை.

கார்டில் யார் பெயரோ அவர்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஆகவே, பெண் வீட்டுக்குத் தனியாகப் போகிற அம்மாக்கள் உங்கள் பெயரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், பான் கார்டு, விசா, டிக்கெட் இவற்றைக் கேட்பார்கள். விண்ணப்பத்தில் எழுதும் போன் நம்பரும் உங்களுடையதாகவே இருக்கட்டும். பறவைப் பூங்காவுக்கு இன்டர்நெட்டில் டிக்கெட் எடுக்கும்போது ஓ.டி.பி. மாம்பலத்தில் இருக்கிற கணவரின் போனுக்குப் போனால் என்ன பயன்? அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னதாகவே விடிந்துவிடும். இங்கே அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

எம்.ஆர்.டி. ரயில் ஓர் அழகு. விசா, மாஸ்டர்கார்டு முத்திரையுள்ள, தொட்டாலே வேலை செய்யும் கார்டை வாசலில் காட்டிவிட்டு உள்ளே போகலாம். ஒரு கார்டில் ஒருவர்தான். வெளிநாட்டுக் கார்டுக்கு, பயணம் செய்யும் ஒவ்வொரு நாளும் 60 காசு தனிக் கட்டணம். ஒரு மாதம் தங்குவதாக இருந்தால் அங்கேயே ஈஸி-லிங்க் கார்டு வாங்கிக்கொள்வது மேல்.

முஸ்தபா கடையில் தங்கம் முதல் தைலம் வரை கிடைக்கிறது. காலை விட்டால் எடுக்க முடியாது! இதுபோன்ற பெரிய கடைகளில் பில் போடும் மெஷின், "ரூபாயிலா, வெள்ளியிலா?" என்று கேட்டால் வெள்ளி என்றே சொல்லுங்கள். ரூபாய் என்பது காதுக்கு இனிமையாக இருக்கும். ஆனால் மாற்று விலையை அவர்கள் போடுவார்கள், அது நமக்குச் சாதகமாக இருக்காது.

உணவங்காடிகளில் சில பழைய கடைக்காரர்கள் நோட்டுத்தான் கேட்பார்கள். கொஞ்சம் வெள்ளி கைப்பையில் இருக்கட்டும். ஹோட்டலில் தங்கினால், முன்பணத்துக்கு ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுக்காதீர்கள். அறையைக் காலி செய்த பிறகும் அந்தத் தொகை விடுபடப் பல நாள் ஆகும். அதுவரை உங்கள் பணம் உங்களுக்கு உதவாது.

ஜொகூர் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்கு ஒருநாள் போய்வருகிறவர்களும் உண்டு. அங்குள்ள தமிழர்களும் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். 1973 வரை இரண்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று சமமாகவே மாறின. இன்று மதிப்பு வேறு, கார்டின் கணக்கும் வேறு. சிங்கப்பூர் வெள்ளி மட்டும் ஏற்றிய கார்டை அங்கே தேய்த்தால் பல கார்டுகளில் நாணயம் மாற்றும் கட்டணம் விழும். போகும் எண்ணமிருந்தால் ரிங்கிட்டும் ஏற்றக்கூடிய கார்டாகப் பார்த்து வாங்குங்கள்.

ஊர் திரும்பியதும் கார்டில் மீதி எவ்வளவு என்று பாருங்கள். மிஞ்சியதை 180 நாட்களுக்குள் திருப்பி ரூபாயாக்கிக்கொள்ள வேண்டும். நோட்டாக 2,000 டாலர் மதிப்புவரை அடுத்த பயணத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம். சில்லறைக் காசை மாற்ற இங்கே அலைய வேண்டாம். சாங்கியில் விமானம் ஏறுமுன் ஒரு கோப்பி குடித்துத் தீர்த்துவிடலாம். தமிழ் எழுத்துள்ள ஒரு நாணயத்தை மட்டும் பேரப்பிள்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.